புள்ளலூர்த் தூண்களும் ஐதர் அலியும்

மனிதன் மறைகிறான்; தன் பெயர் மறையக்கூடாது என்னும் ஆசை மட்டும் மறைவதில்லை. அந்த ஆசையிலிருந்து பிறந்தவையே நினைவுச் சின்னங்கள். நடுகல், கல்லறை, வெற்றித்தூண், சிலை என்று அவை பல வடிவம் கொள்ளும். மேலைநாட்டார் ஓபெலிஸ்க் என்று அழைக்கும் ஊசித்தூண் அவற்றுள் ஒன்று. அடி சதுரமாக அகன்று, மேலே செல்லச் செல்லக் குறுகி, முடியில் சிறு கூம்பாகக் கூடி நிற்பது அதன் வடிவம். காஞ்சிபுரத்திலிருந்து சில கல் தொலைவிலுள்ள புள்ளலூர் என்னும் சிற்றூரில் அத்தகைய தூண்கள் இரண்டு நிற்கின்றன. 1781-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள் அங்கு நடந்த போரில் மாண்ட ஆங்கிலப் படைத்தலைவர் இருவருக்காக எழுப்பப்பெற்றவை அவை. ஒருவர் கர்னல் ஜார்ஜ் பிரவுன். மற்றவர், தளபதி அயர் கூட்டின் துணை அலுவலராக இருந்த காப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லாப்.

இவ்விருவரும் எதிர்த்துப் போரிட்டது மைசூர் ஐதர் அலியின் படையை. அதே களத்தில் முந்திய ஆண்டு ஐதர் அலி பெற்ற வெற்றி, கிழக்கிந்தியக் கும்பெனியாரை நடுங்க வைத்த வெற்றி. ஆயினும் அவரோ அவர் மைந்தரோ அங்குத் தூண் ஒன்றும் நாட்டவில்லை. ஐதர் அலியின் வாழ்க்கையை ஊசித்தூணின் வரலாற்றோடு சேர்த்துப் பார்ப்போமானால், கல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது நமக்கு விளங்கும்.

ஊசித்தூணின் கதை

ஊசித்தூணின் தாயகம் எகிப்து. கதிரவனைத் தெய்வமாக வழிபட்ட அந்நாட்டார், ஒரே கல்லில் இதனை வெட்டியெடுத்துக் கோயில் வாயிலின் இருமருங்கும் இணையாக நிறுத்தினர். பொன்னும் வெள்ளியும் கலந்த தகட்டால் அதன் முடியை வேய்ந்தனர். காலைக் கதிர் முதலில் அம்முடியில் பட்டு மின்னும். நான்கு பக்கங்களிலும் அரசனுடைய பெயரும் புகழும் பொறிக்கப்பட்டன. ஆகவே தொடக்கத்தில் அது இறந்தவனுக்கு வைத்த கல் அன்று. இறைவனுக்கு வைத்த காணிக்கை. காணிக்கையிலும் அரசன் தன் பெயரை எழுத மறக்கவில்லை என்பது வேறு செய்தி.

கெய்ரோ நகரை அடுத்த பழைய ஹீலியோபோலிஸில் முதலாம் செனுஸ்ரெட் மன்னன் நிறுத்திய தூண், ஏறக்குறைய 4,000 ஆண்டுகளாக நின்ற இடத்திலேயே நிற்கிறது. அசுவான் கற்குழியில் ஏறத்தாழ 42 மீட்டர் நீளமுள்ள தூண் ஒன்று, வெட்டும்போதே விரிசல் கண்டதால் கைவிடப்பட்டு, இன்றும் பாறையோடு ஒட்டிக் கிடக்கிறது. கார்னாக் கோயிலில் ஹாட்செப்சுட் என்னும் அரசி நிறுத்திய தூணை, அவளுக்குப் பின் ஆண்ட மூன்றாம் தட்மோஸ் சுவர் எழுப்பி மறைத்தான். அச்சுவரே கல்லை வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் காத்தது! அழிக்க நினைத்தவன் கையே காவற்கையாய் முடிந்தது.

பின்னர் எகிப்தை வென்ற உரோமர்கள் இத்தூண்களைக் கப்பலேற்றிக் கொண்டு சென்றனர். உரோம் நகரில் மட்டும் இன்று பழங்காலத் தூண்கள் 13 உள்ளன. வாத்திகனில் உள்ள தூணை 1586-இல் இடம் பெயர்த்து அதன் உச்சியில் சிலுவையை நாட்டினர். பாரிசில் 1836-இலும், இலண்டனில் 1878-இலும், நியூயார்க்கில் 1881-இலும் எகிப்தியத் தூண்கள் நிறுத்தப்பெற்றன. கதிரவனுக்குரிய கல், வென்றவனுடைய பெருமைக்குரிய கல்லாயிற்று. 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் தம் கல்லறைகளுக்கும் போர்ச் சின்னங்களுக்கும் இவ்வடிவத்தைப் பெரிதும் கையாளத் தொடங்கினர். கும்பெனியாரோடு அது நம் நாட்டுக்கும் வந்தது. நீலநதிக் கரையில் பிறந்த வடிவம் புள்ளலூர் வயல்வெளிக்கு வந்து சேர்ந்த வழி இதுவே.

படைவீரன் மகன்

கோலார்ப் பகுதியிலுள்ள பூதிக்கோட்டையில் ஏறத்தாழ 1720-ஆம் ஆண்டளவில் ஐதர் அலி பிறந்தார். தந்தை பத்தே முகம்மது, சீரா நவாபிடம் பணிபுரிந்த படைத்தலைவர். ஐதர் சிறுவனாக இருந்தபோதே தந்தை போரில் மாண்டார். குடும்பம் வறுமையில் ஆழ்ந்தது. பள்ளியில் அமர்ந்து எழுத்துக் கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. இறுதிவரை அவர் எழுதப் படிக்க அறியாதவராகவே வாழ்ந்தார். ஆனால் அவருடைய நினைவாற்றல் பகைவரும் வியந்தது. கணக்குகளைக் காதால் கேட்டே பிழை கண்டுபிடிப்பார். பல மொழிகளில் தடையின்றி உரையாடுவார். எழுத்தறியாத ஒருவரின் பெயரை எழுத்தறிந்தவர்கள் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எண்ணத்தக்கது.

தமையனைப் பின்பற்றி மைசூர்ப் படையில் சேர்ந்த ஐதர், 1749-இல் தேவனஹள்ளி முற்றுகையில் வீரம் காட்டி மேலோர் கண்ணிற் பட்டார். பின்னர்த் திருச்சிராப்பள்ளி முற்றுகையில் மைசூர்ப் படையோடு இருந்து, ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரிடும் முறையை நேரில் கண்டார். 1755-இல் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக அமர்த்தப்பட்டார். அங்கே பிரெஞ்சுக்காரரின் துணையோடு பீரங்கிப் பட்டறை அமைத்துத் தமக்கென ஒரு படையை வளர்த்துக்கொண்டார். மைசூரை ஆளப்போகும் ஐதர் அலி உருவானது தமிழ்நாட்டுத் திண்டுக்கல் பாறையடியில்தான் எனலாம்.

கணவாய் வழியே

அக்காலத்தில் பாலக்காட்டு அரசர் கோழிக்கோட்டுச் சாமூதிரியின் படையெடுப்புக்கு அஞ்சி, திண்டுக்கல்லில் இருந்த ஐதரிடம் உதவி வேண்டினார். 1757-இல் ஐதர் தம் மைத்துனர் மக்தூம் அலியின் தலைமையில் படை அனுப்பினார். மேற்குத் தொடர்ச்சி மலை இடைவிட்டு வழி தந்திருக்கும் இடம் பாலக்காட்டுக் கணவாய். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் சாலையில், நெல்வயலும் கரும்பனையும் சூழ்ந்து, தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் எலப்புள்ளி இக்கணவாயின் நடுவே அமைந்தது. கொங்கு நாட்டிலிருந்து கடற்கரைக்குச் செல்லும் வணிகனுக்கும் படைக்கும் இவ்வெளியை விட்டால் எளிய வழி வேறில்லை. பின்வாங்கிய சாமூதிரி 12 இலட்சம் ரூபாய் தருவதாக உடன்பட்டார். அத்தொகை செலுத்தப்படவில்லை. செலுத்தப்படாத அக்கடனே பின்னாளில் மலபார்ப் படையெடுப்புக்குக் காரணமாயிற்று.

இதற்கிடையில் மைசூர் அரசியலில் ஐதர் விரைந்து உயர்ந்தார். அவரால் வளர்ந்த கண்டேராவ் என்பவரே 1760-இல் அவரைக் கவிழ்க்க முயன்றார். ஐதர் உயிர் தப்பி ஓடி, மறு ஆண்டு படையோடு திரும்பி, கண்டேராவைச் சிறைப்பிடித்தார். கிளியைப்போல் போற்றுவேன் என்று வாக்களித்து, இரும்புக் கூண்டில் அடைத்துப் பாலும் சோறும் கொடுத்தார் என்பர். 1761 முதல் மைசூரின் உண்மையான ஆட்சித் தலைவர் ஐதரே. உடையார் மரபினர் பெயரளவில் அரசராக இருந்தனர்.

1766-இல் ஐதர் மலபாரில் நுழைந்தார். கோழிக்கோட்டுச் சாமூதிரி தம் அரண்மனைக்குத் தீயிட்டு அதிலேயே மடிந்தார். எழுந்த நாயர்களின் கிளர்ச்சியை ஐதர் மிகக் கடுமையாக அடக்கினார். பலர் ஊரை விட்டு மைசூர்ப் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். வீரத்தைப் போற்றும் நாம் இக்கொடுமையை மறைத்தல் ஆகாது. அதே ஆண்டில், கணவாயைக் காக்கும் பூட்டுப்போலப் பாலக்காட்டுக் கோட்டையை அவர் எழுப்பினார். ஆங்கிலேயர் அதனை 1768-இல் கைப்பற்றி இழந்தனர். 1783-இல் மீண்டும் கைப்பற்றி விட்டுக்கொடுத்தனர். 1790-இல் மூன்றாம் முறை கைப்பற்றினர். அகழியோடு இன்றும் பாலக்காட்டு நகர் நடுவே நிற்கும் அக்கோட்டையை மக்கள் திப்பு சுல்தான் கோட்டை என்றே பெரிதும் அழைக்கின்றனர். கட்டியவர் தந்தை, பெயர் பெற்றவர் மைந்தர்! கல்லே நின்றாலும் பெயர் மாறிவிடுகிறது.

சென்னை வாயிலில்

1767-இல் கும்பெனியாரோடு முதற்போர் மூண்டது. இரண்டாண்டுகள் வெற்றியும் தோல்வியும் மாறி மாறி வந்தன. 1769 மார்ச்சில் ஐதர், பெரும்படையைப் பின்னே விட்டு, விரைந்து செல்லும் குதிரை வீரர் ஏறத்தாழ 6,000 பேருடன் பரங்கிமலைக்கு வந்து நின்றார். சென்னைக் கோட்டையிலிருந்தவர்கள் திகைத்தனர். ஏப்ரலில் உடன்படிக்கை ஏற்பட்டது. ஒருவரைப் பிறர் தாக்கினால் மற்றவர் உதவ வேண்டும் என்பது அதன் முதன்மையான விதி. ஆனால் 1771-இல் மராட்டியர் ஐதரைத் தாக்கி முறியடித்தபோது கும்பெனியார் உதவவில்லை. அவ்வஞ்சனையை ஐதர் மறக்கவில்லை. 1779-இல், தம் பாதுகாப்பில் இருந்த மாகியை ஆங்கிலேயர் கைப்பற்றியதும் அவர் சினம் எல்லை கடந்தது.

1780 சூலையில் 80,000-க்கு மேற்பட்ட படையுடன் ஐதர் செங்கம் கணவாய் வழியே கருநாடகச் சமவெளியில் இறங்கினார். சென்னையிலிருந்து புறப்பட்ட ஹெக்டர் முன்ரோவின் படை காஞ்சிபுரத்தில் காத்திருந்தது. அதனோடு சேர வடக்கிலிருந்து கர்னல் வில்லியம் பெய்லி வந்துகொண்டிருந்தார். முன்ரோ அனுப்பிய உதவிப் படையையும் சேர்த்து அவரிடம் ஏறக்குறைய 3,800 பேர் இருந்தனர். இரு படைகளும் சேராமல் தடுப்பதே ஐதரின் திட்டம். செப்டம்பர் 10-ஆம் நாள் புள்ளலூரில் திப்புவும் ஐதரும் பெய்லியை வளைத்தனர். இரும்புக் குழாயில் வெடிமருந்தடைத்த மைசூர் ஏவுகணைகள் சீறிப் பாய்ந்தன. ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. பெய்லி சரணடைந்தார். சில கல் தொலைவில் இருந்த முன்ரோ உதவிக்கு வந்து சேரவில்லை. தம் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிக் கோயிற் குளத்தில் தள்ளிவிட்டு அவர் செங்கற்பட்டு வழியாகச் சென்னைக்குத் திரும்பினார். சிறைப்பட்ட பெய்லி 1782 நவம்பரில் சீரங்கப்பட்டணத்தில் உயிர் நீத்தார்.

வங்காளத்திலிருந்து வந்த அயர் கூட், 1781 சூலை முதல் நாளில் பரங்கிப்பேட்டையில் ஐதரை வென்றார். ஆகஸ்டு 27-இல் ஐதர், தமக்கு வெற்றி தந்த புள்ளலூர்க் களத்திலேயே அவரை எதிர்கொண்டார். நாள் முழுதும் நடந்த போரில் முடிவான வெற்றி எவர்க்கும் கிட்டவில்லை. களம் மட்டும் கூட்டின் கையில் எஞ்சியது. ஆங்கிலப் படையின் தளபதியருள் ஒருவரான ஸ்டூவர்ட் பீரங்கிக் குண்டால் காலை இழந்தார். பிரவுனும் ஹிஸ்லாப்பும் உயிரிழந்தனர். அவ்விருவருக்கே அத்தூண்கள்.

1782 டிசம்பர் 7-ஆம் நாள், சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில், முதுகில் தோன்றிய இராசபிளவையால் ஐதர் அலி காலமானார். திப்பு அப்பொழுது மலபாரில், பொன்னானிப் பக்கத்தில் ஆங்கிலேயரோடு போரிட்டுக்கொண்டிருந்தார். அவர் வந்து சேரும்வரை அமைச்சர் பூர்ணையா முதலியோர் இறப்பை மறைத்தனர். உடலைப் பெட்டியில் வைத்துப் பொருட்பேழை போலக் கோலாருக்கு அனுப்பினர். பின்னர்ச் சீரங்கப்பட்டணத்தில் திப்பு எழுப்பிய கும்பசில் அவர் அடக்கம் செய்யப்பெற்றார்.

கல் சொன்னதும் சொல்லாததும்

புள்ளலூர் வெற்றியை மைசூரார் எவ்வாறு நினைவிற் கொண்டனர்? திப்பு 1784-இல் கட்டிய தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அப்போர் வண்ண ஓவியமாகத் தீட்டப்பெற்றது. பெய்லி பல்லக்கில் அமர்ந்திருப்பதையும் வெடிமருந்து வண்டி வெடிப்பதையும் அதில் காணலாம். ஓவியம் மங்கியபோது, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், ஆங்கில ஆளுநர்த் தலைவர் டல்ஹௌசியின் ஆணையால் அது புதுப்பிக்கப்பெற்றது. தோற்றவர்களே தம் தோல்வியின் ஓவியத்தைத் தீட்டிக் காத்த விந்தை அது. நாட்டையே வென்றபின், ஒரு தோல்வியை நினைப்பதும் அவர்களுக்குப் பெருமையாகத் தோன்றியிருக்கும்.

கல்லோ அவர்கள் பக்கமே நின்றது. 1816-இல் பெய்லிக்கு அவர் உறவினர் சீரங்கப்பட்டணத்தில் நினைவு மண்டபம் எழுப்பினார். 1799 மே 4-இல் திப்பு வீழ்ந்த அந்நகரின் முற்றுகையில் மாண்ட ஆங்கிலப் படையினருக்காக, கோட்டைச் சுவர் உடைபட்ட இடத்தருகே 1907-இல் மைசூர் அரசே ஓர் ஊசித்தூணை நாட்டியது. ஐதர் ஆண்ட தலைநகரில் வானை நோக்கி நிற்கும் ஊசித்தூண் அவருடைய பகைவர்க்கு உரியது.

புள்ளலூருக்கு இது புதிதன்று. அவ்வூரில் ஏழாம் நூற்றாண்டிலும் ஒரு போர் நடந்தது. பல்லவன் மகேந்திரவர்மன் அங்குப் பகைவரை அழித்தான் என்று காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. பகைவர் யார் என்று அது பெயர் சொல்லவில்லை. சாளுக்கியன் புலிகேசியாக இருக்கலாம் என்று அறிஞர் உய்த்துணர்கின்றனர். செப்பேடாயினும் ஊசித்தூணாயினும், நாட்டியவன் நாவே அங்குப் பேசுகிறது.

நம் முன்னோர் நடுகல் என்னும் மரபை வளர்த்தனர். கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வாழ்த்துவது வரை அதற்குரிய ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பெற்ற நடுகற்கள் தமிழி எழுத்தால் பொறிக்கப்பெற்றவை. அவற்றுள் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்டவனுக்குரியது. அதே மகேந்திரவர்மன் காலத்தில், திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், கள்வரைக் கடித்துத் தன் தலைவனுக்காக நின்ற கோவிவன் என்னும் நாய்க்கும் கல்லில் பெயரும் உருவும் பொறிக்கப்பட்டன. அரசனல்லாத ஒருவனுக்கும், அவன் வளர்த்த நாய்க்கும் ஊரார் இடம் தந்த கல் அது. உயரத்தில் ஊசித்தூணுக்கு அது ஈடாகாது. உள்ளத்தின் அகலத்தில் அதனை விஞ்சும்.

ஐதரின் போரில் மிகுதியாகத் துன்புற்றவர் யார்? பிரவுனும் ஹிஸ்லாப்பும் மட்டுமா? 1780-இல் ஐதரின் குதிரைப்படை கருநாடகச் சீமையின் ஊர்களைக் கொளுத்தியது, பயிர்களை அழித்தது. அவ்வழிவை எட்மண்டு பர்க் 1785-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் விரித்துரைத்தார். வீடிழந்த உழவர் கூட்டம் கூட்டமாகச் சென்னைக்கு ஓடினர். பஞ்சம் சூழ்ந்தது. 1782-இல் அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற மணியக்காரர் சத்திரம் தோன்றியது. அதனை அடுத்து வளர்ந்த மருத்துவமனையே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. வடசென்னை மக்கள் அதனை இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பர். பெயரற்ற அந்த ஏழைகளுக்கு எவரும் தூண் நாட்டவில்லை. மக்கள் நாவில் நிற்கும் அந்த ஒரு சொல்லே அவர்களுக்கு நடுகல்.

கல்லின் பொருள் நாட்டியவனோடு முடிந்துவிடுவதும் இல்லை. மராட்டியப் பேஷ்வாவின் படையோடு 1818 சனவரி முதல் நாள் நடந்த போரின் நினைவாகக் கோரேகாவ் பீமாவில் கும்பெனியார் ஓர் ஊசித்தூண் எழுப்பினர். அதில் மகர் வீரர் 22 பேரின் பெயர்களும் உள்ளன. 1927-இல் டாக்டர் அம்பேத்கர் அங்குச் சென்றார். அதன்பின் அத்தூண் கும்பெனியின் வெற்றித்தூண் என்னும் பொருளை இழந்து, ஒடுக்கப்பட்டோரின் தன்மானத் தூணாயிற்று. ஆண்டுதோறும் அந்நாளில் மக்கள் கடலெனத் திரள்கின்றனர். கல் மாறவில்லை, அதைப் படித்தவர்கள் மாறினார்கள்.

ஆகவே மாணவ நண்பர்களே, நினைவுத் தூண் ஒன்றன்முன் நிற்கும்போது அதில் உள்ள பெயரை மட்டும் படித்துவிட்டுத் திரும்பாதீர்கள். இதை நாட்டியவர் யார், எந்த ஆண்டில், யாருடைய பொருளால், எதிரே நின்றவன் யார், இடையில் அழிந்தவர் யார் என்று கேளுங்கள். புள்ளலூரின் இரு தூண்களும் மாண்ட வீரர் இருவரை நினைக்கின்றன, அது தக்கதே. ஆனால் கேட்கத் தெரிந்தவனுக்கு அவை ஐதர் அலியின் பெயரையும் சொல்லும். கஞ்சிக்காகக் கையேந்தி நின்ற உழவனையும் காட்டும். அக்கேள்விகளைக் கேட்கக் கற்றுக்கொடுப்பதே வரலாற்றுக் கல்வியின் பயன்.